மொடல் வீட்டுக்கு விளக்குப் போடலாம் வாங்க: ஜாம் போத்தல் விளக்கு, 1:72 அளவில்

[காட்சி: மேசையில் மண்சுவர் வீட்டு மொடல். அறை விளக்கு அணைகிறது. திண்ணையில் மட்டும் செம்மஞ்சள் வெளிச்சம்.]

வணக்கம். இது வன்னியில் முன்பு எந்தப் பக்கம் போனாலும் கண்ட வீடு. மண்சுவர், கிடுகுக் கூரை, முன்னால் திண்ணை. கடதாசி மட்டையாலும் ஐஸ்கிறீம் குச்சியாலும் செய்தது. அளவு 1:72. நிஜத்தில் 72 சென்ரிமீற்றர் என்றால் இங்கே ஒரு சென்ரிமீற்றர். இதற்கு எப்படி விளக்குப் போடுவது என்று இன்று பார்ப்போம். இதற்கு முன் வயரைத் தொடாதவர்களும் செய்யலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வெளிச்சத்தை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அதோடு வீடு பொம்மையாகிவிடும். போர்க்காலத்தில் பல வருடங்கள் இந்த வீடுகளில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் திரியை எரித்தார்கள். அந்த வெளிச்சத்தில் கொப்பி தெரியும், குனிந்து படிக்கிற பிள்ளையின் முகம் தெரியும், அவ்வளவுதான். கூரை இருட்டிலேயே கிடக்கும். மொடலிலும் கூரை இருட்டில்தான் கிடக்க வேண்டும்.

[காட்சி: உள்ளங்கையில் இரண்டு எல்.ஈ.டி., பக்கத்தில் ஒரு அரிசி.]

சரி, எல்.ஈ.டி.க்கு வருவோம். கடையில் சுலபமாகக் கிடைப்பது 3 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. சின்னதாகத் தெரிகிறது, ஆனால் கணக்குப் பாருங்கள்: 1:72இல் அது 21 சென்ரிமீற்றருக்கும் மேல். ஜாம் போத்தலை விடப் பெரிய விளக்கு! அதனால் அதை வெளியே தெரிய விடாதீர்கள். சுவருக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள், வெளிச்சம் மட்டும் கதவால் வரட்டும். கை பழகியதும் 0603 என்ற வகையைத் தேடுங்கள். நீளம் 1.6 மில்லிமீற்றர், அகலம் 0.8. நிஜத்தில் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் உயரம், 6 சென்ரிமீற்றர் அகலம் என்று வரும். அசல் போத்தல் அளவு. திண்ணையிலேயே வைத்துவிடலாம்.

நிறத்தையும் கவனியுங்கள். எண்ணெய் விளக்குக்குச் செம்மஞ்சள் அல்லது மஞ்சள், பழைய குண்டு பல்புக்கு இளஞ்சூட்டு வெள்ளை. நீலம் கலந்த வெள்ளையை ரியூப் லைற் போட்ட கடை மொடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்வீட்டுக்குள் அது வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

மின்சாரத்துக்குப் பழைய போன் சார்ஜர் போதும், 5 வோல்ற் தரும். அதன் கேபிளை வெட்டினால் உள்ளே பெரும்பாலும் சிவப்பு வயர் நேர், கறுப்பு மறை. பச்சையும் வெள்ளையும் இருந்தால் தேவையில்லை, ஒன்றோடொன்று முட்டாமல் ரேப் சுற்றிவிடுங்கள். சுவர்ப் பிளக்கில் வருவது 230 வோல்ற். அதிலிருந்து நேரே வயர் எடுக்கவே கூடாது. பவர் பாங்க் வேண்டாம். இவ்வளவு சின்ன விளக்குக்கு ஒன்றும் பூட்டவில்லை என்று நினைத்து, பெரும்பாலானவை சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும்.

[காட்சி: தடையியின் வண்ணக் கோடுகள், மிக அருகில்.]

எல்.ஈ.டி.யை நேரே 5 வோல்ற்றில் பூட்டினால் கருகிவிடும். நடுவில் ஒரு தடையி வேண்டும், அதாவது மின்னோட்டத்தைக் குறைக்கிற சின்ன உறுப்பு. வெளிச்சம் எவ்வளவு என்பதையும் தடையிதான் முடிவு செய்கிறது. செம்மஞ்சள் எல்.ஈ.டி. ஏறக்குறைய 2 வோல்ற் எடுக்கும், மீதி 3 வோல்ற். அதைத் தடையியின் ஓம் அளவால் வகுத்தால் மின்னோட்டம் வரும். 220 ஓம் போட்டால் சுமார் 14 மில்லிஅம்பியர், கண் கூசும். 2200 ஓம் போட்டால் 1.4 மில்லிஅம்பியர்தான். நமது விளக்குக்கு அது போதும். அதில் மூன்று சிவப்புக் கோடுகள் இருக்கும், நாலாவது பொன்னிறம். முதலில் 2200இல் பாருங்கள், இருட்டு அதிகம் என்றால் 1000க்கு இறங்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பகலில் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு எல்.ஈ.டி. என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தடையி.

3 மில்லிமீற்றர் எல்.ஈ.டி.யில் நீளமான கால் நேர்ப்பக்கம். மாறிப் பூட்டினால் எரியாது, திருப்பிப் பூட்டினால் சரி. ஈயம் பற்றவைக்கும்போது இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் சூடு காட்டாதீர்கள்.

அடுத்தது எல்லோரும் விட்டுவிடுகிற வேலை. மட்டைச் சுவர் வெளிச்சத்தை வடியவிடும், வீடு முழுக்கச் சிவந்து நிற்கும். மண்சுவர் அப்படி ஒளிராதுதானே! பூட்டுவதற்கு முன் உட்பக்கம் முழுவதும் கறுப்புப் பெயின்ற் அடியுங்கள், காய்ந்ததும் அதற்கு மேல் மண்நிறம். சுவரும் கூரையும் சேரும் இடுக்கிலும் தூரிகையை விடுங்கள், வெளிச்சம் முதலில் கசிவது அங்கேதான். வெளிச்சத்தைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டுபவர்களும் உண்டு. அதில் மின்சாரம் பாயும், வெறும் வயர் முட்டாமல் பாருங்கள்.

ஜன்னலில் ஒளிபுகும் தாள் இருந்தால் சுப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளை மரப்பசை நல்லது.

[காட்சி: வீட்டைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பலகையைக் காட்டுதல்.]

ஒட்டுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் எரியவிட்டு, தடையியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் எல்லாம் சரி. அடிப்பலகையை மட்டும் ஒட்டாமல் இரண்டு சின்னத் திருகாணி போட்டு மூடுங்கள். நாளைக்கு ஒரு வயர் கழன்றால் கூரையைப் பிய்க்கத் தேவையில்லை.