திறப்பு விழாவுக்குப் பிறகுதான் கண்காட்சி

(இலங்கையின் தேயிலை மலையகத்து ஊரான ஹட்டனில் மே மாதத்தில் நடந்த ஓவியக் கண்காட்சி ஒன்றின் திறப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, படம் வரைந்த பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

விளக்கேற்றியாயிற்று, பொன்னாடையும் போர்த்தியாயிற்று. வழக்கப்படி இனி நான் அரைமணி நேரம் பேச வேண்டும். இன்னொருவர் நன்றி சொல்வார். தேத்தண்ணியும் வடையும் வரும். அப்புறம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். சுவரில் தொங்குகிற படத்தை மட்டும் யாரும் பார்த்திருக்கமாட்டோம். அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன். இப்படிச் சொல்லிவிட்டு மணிக்கணக்காய்ப் பேசுகிறவர்களை உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் நம்புங்கள்.

நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. விக்டோரியா பூங்காவில் பூக்கள், பந்தயத் திடலில் குதிரைகள், மஹகஸ்தொட்டையில் கார் ஓட்டம். பாதிக் கொழும்பு மலையேறி வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. வந்தவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி, கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டும் போனார்கள். நம்மை நாமே வரைந்த படத்தையும் அவர்களுக்குக் காட்டலாம். அதற்கு ஒரு சுவர் போதும்.

இந்த மலைக்கு ஓவியம் புதிதல்ல. 1943இல் கொழும்பில் '43 குழு என்று ஓவியர்கள் சிலர் கூடி நவீன ஓவியத்துக்கு வழி திறந்தார்களே, அதில் முக்கியமானவரான ஜோர்ஜ் கீற் 1901இல் கண்டியில் பிறந்தவர். இன்னொரு ஓவியரான டேவிட் பெயின்ரரின் பெற்றோர் நுவரெலியாவில் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தியவர்கள். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தின் சுவர்களில் பெயின்ரர் வரைந்த ஓவியங்களைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சிலுவையில் தொங்குகிற கிறிஸ்துவுக்கு அங்கே தாடி இல்லை. பின்னால் எருசலேமும் இல்லை, நம் நாட்டுக் கரையோரக் கண்டல் காடு நிற்கிறது. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் எட்டாத தூரத்துக் கதை ஒன்றை நம் மண்ணில் நட்டுக் காட்டும் துணிச்சல், தொண்ணூறு வருடத்துக்கு முன்பே இந்த மலையில் ஒருவருக்கு இருந்திருக்கிறது.

சரி, தோட்டத்துச் சனங்களுக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் காம்பராவுக்குள் போய்ப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அடுப்புப் புகை ஏறிய அந்தச் சுவரில் முருகன் நிற்பார், லட்சுமி இருப்பார், மாதா இருப்பார். கடைக்காரர் கொடுத்த கலண்டர் என்றாலும், வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். எந்தப் படத்தை எங்கே மாட்டுவது, எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று வீட்டுக்காரிதான் தீர்மானிப்பார். கொழும்புக் காட்சிக்கூடங்களில் அதற்கென்று ஒரு பதவியே இருக்கிறது, சம்பளமும் கொடுக்கிறார்கள்!

இப்போது நம் பிள்ளைகள் அந்தச் சுவரையே வரைகிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துவிட்டு, கொழுந்துக் கூடையையும், இடுப்பில் கட்டுகிற படங்கையும், செடியின் மட்டம் பார்க்கிற மட்டக்கம்பையும் பொருளாக எடுக்கிறார்கள். ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் தேயிலைச் சாயத்தையே நிறமாக்கினார்கள். இந்த மண்டபத்திலும் சாயத்தில் வரைந்த படங்கள் உண்டு. கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கறைக்கும் நடுவில் வெளிறலும் ஓரத்தில் கருங்கோடும் இருக்கும். துளி காயும்போது ஓரம் முதலில் காய்கிறது, உள்ளேயிருக்கிற சாயம் அங்கே ஓடிப் படிகிறது. இரும்பு பட்டால் அந்த நிறம் மைபோல் கறுத்துவிடும். வரைகிறவர் பாதியைத்தான் தீர்மானிக்கிறார், மீதியைச் சாயமே பார்த்துக்கொள்கிறது. கொழுந்து பறிக்கிறவரின் விரல் இடுக்கில் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாமல் நிற்பதும் இதே தேயிலையின் கறைதான். ஓவிய விமர்சகர் அரைப்பக்கம் எழுதிப் புரியவைக்க வேண்டியதை, அந்த விரல் உள்ளவர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.

என் குறை இங்கேதான் வருகிறது. அந்த விரல் உள்ளவர் பார்ப்பதற்கு வழி செய்திருக்கிறோமா? கொழும்பில் திறப்பு என்றால் பெரும்பாலும் வேலைநாள் மாலை. இங்கிருந்து 120 கிலோமீற்றருக்கு மேல். புது வருட மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வருகிற காலத்தில், ஒரு நாள் வேலைக்குப் பேர் பதியாவிட்டால் சம்பளத்தில் இடிக்கும். போனவருக்கும் நிம்மதியில்லை. ஒரு காட்சிக்கூடத்தில், பெயர் வேண்டாம், லயத்தைப் பற்றிய படத்துக்குக் கீழே ஒரு தமிழ் எழுத்துக்கூட இருக்கவில்லை. தன் வீட்டுக் கதையைப் படிக்க ஒரு தாய் பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2019இல் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழியிலும் குறிப்பு வைக்கிறது, நுழைவுக் கட்டணமும் வாங்குவதில்லை. ஆகக் கொழும்பையே குறை சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. இங்கே நாம் நடத்துகிற கண்காட்சியையும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தால், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனவர் எப்படி வருவார்? ஞாயிறும், பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் இருக்கின்றன. கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தாலும் போதும்.

இடமும் கிடைக்காமல் போகாது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். உரலும் கம்பளியும் பழைய பத்திரங்களும் அங்கே இருக்கின்றன. பூட்டிக் கிடக்கிற வாசிகசாலை, கோயில் மண்டபம், பாடசாலை மண்டபம் எல்லாம் நம்மிடமே உண்டு.

ஒன்று மட்டும் கவனம். இன்னும் சில வாரத்தில் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் இறங்கிவிடும். ஈரச் சுவரோடு ஒட்டித் தாளை மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், சட்டத்துக்குப் பின்னால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். வெயிலும் ஆகாது, சாயப் படத்தை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் வெளுத்துவிடும்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தின் விலை கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். தாள், சட்டம், பஸ் காசு எல்லாம் வரைந்த பிள்ளையின் கையிலிருந்துதான் போயிருக்கிறது. "நல்லாயிருக்கு தம்பி, ஒன்று சும்மா தாங்களேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் சனம் பாசத்தில் கேட்பது, அந்தப் பிள்ளை மறுக்கத் தெரியாமல் நிற்கும்.

நான் முடித்துக்கொள்கிறேன். நன்றியுரை சொல்ல இருப்பவர் கோபிக்கக்கூடாது, அதைத் தேத்தண்ணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தேத்தண்ணி வெளியே விறாந்தையில்தான், கோப்பையோடு தயவுசெய்து உள்ளே வரவேண்டாம். பின்வரிசைக் கதிரைகளைப் படங்களை மறித்துப் போட்டிருக்கிறார்கள். தம்பிமார் இரண்டு பேர் வந்து அவற்றைக் கொஞ்சம் இழுத்துவிட்டால், பின்னால் நிற்கிற அக்காமார் முதலில் பார்க்கலாம்.