கரையை மாசியில் அளக்க வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். சங்கங்களில் இருந்து வந்திருக்கிற ஐயாமார், அம்மாமார், தம்பி தங்கச்சிமார், வெயிலுக்குள் வந்து இருக்கிறீர்கள், நேரே விசயத்துக்கு வருகிறேன்.

‘பழமையான மீனவக் கிராமத்தைப் பேணுதல்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பலருக்கும் நூதனசாலைதான் ஞாபகம் வரும். ஒரு பழைய கட்டுமரம், சுவரில் மாட்டிய வலை, கீழே ஒரு பெயர்ப்பலகை. முல்லைத்தீவில் கொக்கிளாயில் இருந்து சாலை என்கிற ஊர் வரைக்கும் உள்ள கரைக்கு அது உதவாது. இங்கே பேண வேண்டிய முதல் பொருள் வெறும் மணல். ‘அது வெறும் மணல்தானே’ என்று கேட்டு வருகிறவர்களிடம் இருந்துதான் அதைப் பேண வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்தியதைத் தொல்பொருள் என்கிறது. 1803 இல் பண்டாரவன்னியன் பிடித்த முல்லைத்தீவுக் கோட்டையின் ஒரு கல் கிடைத்தால் அதற்குக் காவல் உண்டு. கரைவலை இழுக்கிற இடத்தைப் பாடு என்கிறோம், அதற்குக் கல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கள்ளப்பாடு, வலைப்பாடு என்று ஊர்ப்பெயருக்குள்ளேயே பாடு இருக்கிறது. ஆனால் பெயரைக் காட்டி எந்த வேலியையும் நிறுத்த முடியாது.

பாடு என்றால் என்ன என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளம் ஆக்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுப் படகு போகும். கடலில் வளைத்து வலையை இறக்கி, மற்றத் தலைப்பைச் சில நூறு மீற்றர் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு பக்கத்து ஆட்களும் இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள், நடுவிலே மீன் சேர்கிற வலைப்பையான மடி வந்து சேரும். ஆகவே பாட்டுக்கு நீளமான கரை வேண்டும், அதற்கு நேரே துப்புரவான கடலடியும் வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கம்பி நீட்டிய ஒரு கொங்கிறீற் துண்டு கடலடியில் கிடந்தால் போதும். அடிக்கயிறு அதில் மாட்டும், இழுக்கும்போது வலை அந்த இடத்தில் மேலே எழும்பும், மீன் கீழாலே போய்விடும். இன்னும் பலமாக இழுத்தால் மடி கிழியும். காணியை ஒருவரும் பிடிக்காமலே பாடு செத்துப்போகிற விதம் இது.

கடலரிப்புக்குக் கல் அணை கேட்டு மனு எழுதுகிற சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கல்லில் அடித்த அலை தன் பலத்தோடு திரும்பும்போது முன்னால் உள்ள மணலையும் வாரிக்கொண்டு போகும். படகு ஏற்றுகிற சரிவு போய்விடும். அணை முடிகிற இரண்டு முனையிலும் கரை கூடுதலாக அரிபடும், அந்த முனை பக்கத்து ஊர்க்காரரின் பாடாக இருக்கும். வாடைக் காற்றுக்குக் கழன்ற கல் உருண்டு கடலடியில் கிடக்கும். வீதியையும் வீட்டையும் காக்கக் கல் போடத்தான் வேண்டிய இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கே படகு ஏறுகிறது, எங்கே வலை வளைக்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்த பிறகுதான் கல் இறங்க வேண்டும்.

அந்த வரைபடம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. அல்லது பிழையான மாதத்தில் அளந்தது இருக்கிறது.

எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. கரையின் அகலத்தைத் தீர்மானிப்பது காற்று. வடகீழ்க் காற்றான வாடையில் கடல் கரையைத் தின்னும், தென்மேற்குக் காற்றான சோழகத்தில் திருப்பித் தரும். ஆவணியில் வந்து நிற்கிற அதிகாரிக்கு விசாலமான கரை தெரியும். ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்று எழுதிவிட்டுப் போவார். அதே இடத்தில் மாசியில் நின்றால் படகு விடவே இடம் இராது. ஆகவே இரண்டு முறை அளந்து பாருங்கள். மாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. எந்தத் திட்டத்துக்கும் மாசி அளவையே முன்வையுங்கள்.

அளக்கிற முறை கடினமில்லை. அசையாத அடையாளம் ஒன்று எடுங்கள்: நில அளவைக் கல், தேவாலயத் தூண், கிணற்றுக் கட்டு. கரையோரப் பனையை எடுக்க வேண்டாம், அடுத்த மாரிக்கு அது கடலுக்குள் நிற்கலாம். அந்த அடையாளத்தில் இருந்து கடலை நோக்கி நேராக, சாதாளை என்கிற கடற்செடி ஒதுங்கிக் கிடக்கிற கோடு வரைக்கும் நாடா பிடியுங்கள். கரை நெடுகிலும் 100 மீற்றருக்கு ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள். திகதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். ஒரு வருட அளவை ‘தற்செயல்’ என்று தள்ளிவிடலாம், மூன்று வருட அளவை அப்படித் தள்ளுவது கஷ்டம்.

பிறகு படகுக் கணக்கு. 18 அடிப் பைபர் படகு அகலத்தில் ஐந்தாறு அடிதான். ஆனால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தள்ள, எஞ்சினைக் கழற்றித் தோளில் எடுத்துப் போக, படகுக்குப் பத்து அடி வேண்டும். 40 படகுக்கு 400 அடிக் கரை. வாடைக்கு முன் அவற்றைப் பின்னால் இழுத்துவிட இன்னொரு வரிசைக்கு இடம் வேண்டும். அந்தப் பின்வரிசை இடம்தான் எட்டு மாதம் வெறுமையாகக் கிடக்கும், அதிலேதான் முதலில் ஆள் கண் வைப்பார்கள்.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் பல குடும்பங்கள் உள்ளே போய்விட்டன. வீடு ஒரு இடம், தொழில் ஒரு இடம். இடையில் வலைக்கும் எஞ்சினுக்கும் கூரை இல்லை. நைலோனுக்கு உப்புப் பகையில்லை, வெயில்தான் பகை. வெளியே குவித்த வலை வெளிறி, விரலால் இழுத்தாலே அறும். அதனால் கரையில் வலையும் எஞ்சினும் வைக்கிற வாடியை ‘தற்காலிகக் கொட்டில்’ என்று எழுதுவது பிழை. அது தொழிற்சாலையின் களஞ்சியம். பனை வளையில் கிடுகு வேய்ந்த வாடி தகரத்தைவிட நல்லது. உப்புக் காற்றில் தகரம் ஆணித் துளையில் இருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும், பெருங்காற்றில் பறந்தால் கத்தி. கிடுகைக் கீழ் விளிம்பில் இருந்து மேலே ஒன்றின்மேல் ஒன்று படிய, ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டுங்கள். மாரிக்கு முன் மாற்றுங்கள். செலவு இருக்கிறதுதான், ஆனால் அந்தச் செலவு ஊருக்குள்ளேயே சுற்றும்.

அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் ‘பற்றை’ என்று இயந்திரம் விட்டு வழிக்க விடாதீர்கள். மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அவைதான்.

களப்புப் பக்கம் வேறு கணக்கு. நந்திக்கடலில் மாரி வெள்ளம் ஏறும்போது வட்டுவாகல் பக்கம் மணல் திட்டை வெட்டிக் கடலோடு விடுவார்கள். இறால் குஞ்சு உள்ளே வருவது அந்த வாயால்தான். முந்தி வெட்டினால் தண்ணீர் வேகம் போதாமல் அலை மணலைத் தள்ளி வாயை மூடிவிடும், பிந்தினால் வயலும் வீடும் மூழ்கும். கமக்காரரும் மீனவரும் ஒரே மேசையில் இருந்து ஒரு நீர்மட்டத்தைக் குறித்து, பாலத் தூணில் வர்ணம் பூசி, தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வெட்டுவது என்று முடிவெடுத்தால் வருசா வருசம் நடக்கிற சண்டை பாதியாகக் குறையும்.

கடதாசி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேற்குக் கரையில் இரணைதீவு இருக்கிறது. 1992 இல் வெளியேறிய சனம், 2017 மே முதலாம் திகதி போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரல் 23 இல் தாங்களே படகேறித் தீவில் போய் இறங்கினார்கள். துணிவு பெரிது. அதோடு எந்தத் தென்னை யாருடையது, எந்தக் கிணறு எந்தக் குடும்பத்தினது என்று சொல்ல ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். இன்னும் இருபது வருடம் போனால் பாட்டின் எல்லையை, வலை இழுக்கிற முறையை, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயரைச் சொல்ல இங்கே யார் இருப்பார்கள்? நாயாற்றிலும் கொக்கிளாயிலும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில் இருந்து பருவத்துக்கு வருகிறவர்களோடு வருகிற தகராறுகளிலும் எழுதி வைத்தவரின் கைதான் மேலே நிற்கும்.

கடைசியாக, கரைக்குப் போகிற சிறு பாதையான ஒழுங்கை. வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கிறோம். அந்தப் பாதை ஊருக்கே தெரியும், ஒருவரும் மறிக்க நினைக்க மாட்டார்கள். படகுக்கு ஐஸ் போகிற ஒழுங்கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலி வருடத்துக்கு ஒரு அடி நகரும். ஒரு நாள் உழவு இயந்திரம் உள்ளே போகாது. ஐஸ் பிந்தும், மீன் விலை அடிபடும். மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் வேண்டிய வெப்பம் இது. பத்து அடி அகலத்துக்கு ஒவ்வொரு ஒழுங்கையையும் பெயரோடு பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் ஏற்றுவியுங்கள். கரையோரம் பேணல் சட்டப்படி உயர் நீர் மட்டத்தில் இருந்து உள்ளே 300 மீற்றர் கரையோர வலயம். அங்கே வருகிற எந்த விண்ணப்பத்துக்கும் மறுப்பு எழுதும்போது அந்தப் பதிவு இலக்கத்தைச் சேருங்கள்.

இந்த மாசிக்கு வேண்டியது 50 மீற்றர் நாடா ஒன்று, கொப்பி ஒன்று, நாடா பிடிக்க இரண்டு பேர், பாட்டின் பெயர் தெரிந்த வயதானவர் ஒருவர். காலை ஆறு மணிக்கு, காற்று எழும்ப முன் தொடங்குங்கள்.