கார் கூரைத்துணி தொங்கினால்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். எஞ்சின், பிரேக் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் காருக்குள் தலைக்கு மேலே ஒட்டியிருக்கும் கூரைத்துணியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்கள்.

என்னுடையது 2004-இல் வாங்கிய சின்னக் கார். வீடு சென்னையில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். வண்டி நிற்பதோ தெருவில், வெயிலில். பதினைந்தாவது வருடம் பின்கண்ணாடிக்கு மேலே துணி லேசாக உப்பியது. நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த கோடையில் பின்சீட்டில் உட்காருபவர் தலையில் உரச ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் கல்யாணப் பந்தல் மாதிரி படபடக்கும். பேரன் அதை விரலால் குத்திக் குத்தி விளையாடுவான். ஒவ்வொரு குத்துக்கும் மஞ்சளாக ஒரு தூள் உதிரும். பின்னால் வருகிற பஸ், என் கண்ணாடியில் பாதிதான் தெரியும் என்ற நிலை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். சிரிஞ்சில் பசையை ஏற்றி, துணிக்கு உள்ளே செலுத்தி, கையால் அழுத்திவிட்டேன். இரண்டு வாரம் நின்றது. அப்புறம் விழுந்தது, இந்த முறை ஊசி போட்ட இடமெல்லாம் பழுப்புக் கறையோடு. முப்பது வருடம் மாணவர்களுக்குப் பட்டறை வேலை சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

பசை ஏன் நிற்கவில்லை? தகரக் கூரைக்குக் கீழே, கூரையின் வளைவுக்கேற்ப அச்சில் அழுத்திச் செய்த ஓர் அட்டை இருக்கிறது. நாம் பார்க்கிற துணி நேராக அந்த அட்டையில் ஒட்டியிருப்பதில்லை. துணியின் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஃபோம் இருக்கும். அந்த ஃபோம்தான் அட்டையோடு ஒட்டியிருக்கிறது. அது பாலியூரித்தேன். அதில் பாலியெஸ்டர் வகை என்று ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஈரமும் வெயில் சூடும் சேர்ந்து பல வருடங்களில் அதன் மூலக்கூறுகளை அறுத்துவிடும். வேதியியல் வாத்தியார் இதை நீராற்பகுப்பு என்பார். அலமாரியில் பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்த ஷூவை ஒரு கல்யாணத்துக்கு மாட்டிக்கொண்டு போய், மண்டப வாசலில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து நின்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். அங்கே நடந்ததும் பெரும்பாலும் இதேதான்.

ஆக, பசை தோற்கவில்லை. துணியை உரித்துப் பாருங்கள், அட்டையில் ஃபோமின் ஒரு படலம் இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கும். நடுவிலே ஃபோம் செத்துப்போயிருக்கிறது. மாவின் மேல் பசை தடவினால் பசை மாவைத்தான் பிடிக்கும். தொங்கும் துணியைச் சிலர் திருகாணி மாதிரி முறுக்கிய ஊசிகளைக் குத்தி நிறுத்துகிறார்கள். இரண்டு வாரம் சமாளிக்க அது போதும். சாதாரணக் குண்டூசி வேண்டாம், ஓட்டுகிறவர் மடியில் விழும்.

சரியான வேலை, அட்டையைக் கழற்றி வெளியே எடுப்பதுதான். பக்கவாட்டுக் கூரையில் ஏர்பேக் உள்ள வண்டியென்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், தெரிந்த பட்டறைக்குக் கொடுங்கள். மற்ற வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சன் வைசர், கைப்பிடிகள், உள் விளக்கு, தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள், கதவோர ரப்பர் பீடிங் என்று ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். டிக்கி கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் வண்டியென்றால், முன்சீட்டை நன்றாகச் சாய்த்து, அந்த வழியாக அட்டையை வெளியே இழுக்கலாம். ஆள் இரண்டு வேண்டும். அவசரப்பட்டு வளைத்தால் நடுவில் மடிப்பு விழும். அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

துணி வாங்க நான், சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு போனேன். வெறும் துணி வாங்காதீர்கள். ஃபோம் ஒட்டிய ரூஃப் துணி என்றே கேளுங்கள். ஃபோம் இல்லாவிட்டால் அட்டையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் மேலே தெரியும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டர் எனக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் அட்டையை அளந்துவிட்டுப் போங்கள்.

வேலையில் முக்கால் பங்கு பழைய தூளைத் தேய்த்து எடுப்பதுதான். முகமூடி போட்டுக்கொண்டு, நைலான் பிரஷால், அட்டை கிழியாமல். மாடியில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். கீழே இறங்கி வந்தபோது மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்தவன் போல இருந்தேன். இதில் சோம்பல் பட்டால் புதுத் துணியும் தொங்கும்.

பசை, மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசை வகை. ஆனால் அதிக சூடு தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். வெயிலில் நிற்கிற வண்டியின் கூரையைத் தொட்டிருப்பீர்கள், சும்மாவா சுடுகிறது? காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல் வேலை செய்யுங்கள். துணியைப் பாதியாக மடித்துப் போட்டு, அட்டையிலும் ஃபோமிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போக வேண்டும். பள்ளமான இடங்களில் துணியை இழுக்காதீர்கள், விரலால் உள்ளே அமுக்கிக் கொடுங்கள். ஓரங்களைப் பின்பக்கம் மடித்து ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். விளக்குக்கான ஓட்டையைக் கடைசியில் குறுக்காகக் கீறிக்கொள்ளலாம்.

மறுநாள் எல்லாவற்றையும் பொருத்தினேன். உள் விளக்கு எரியவில்லை. பல்பை மாற்றினேன், வயரைச் சோதித்தேன், கிளிப்பைக் கழற்றி மாட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பேரன்தான் கேட்டான், "தாத்தா, பேட்டரி வயரை மாட்டினீங்களா?"