நியூட்டன் தலையில் ஆப்பிள் விழவில்லை! விஞ்ஞானிகளின் கதையைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

(திரையில்: ஆப்பிள் மரத்தடியில் நியூட்டன், கார்ட்டூன் படம்)

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழவே இல்லை. குழந்தைகள் புத்தகங்களில் வண்ணம் வண்ணமாக வரைந்திருப்பார்களே! மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் 'டொக்' என்று ஒரு பழம் விழும், அடுத்த பக்கத்தில் ஈர்ப்பு விதி பிறந்துவிடும். அந்தக் காட்சி கற்பனை.

நடந்தது என்ன தெரியுமா? 1726 ஏப்ரலில் வில்லியம் ஸ்டக்லி என்ற நண்பர் நியூட்டனைப் பார்க்கப் போகிறார். நியூட்டனுக்கு அப்போது 83 வயது. சாப்பாடு முடிந்து, தோட்டத்தில் ஆப்பிள் மர நிழலில் இருவரும் தேநீர் குடிக்கிறார்கள். முன்பு இப்படி ஒரு நேரத்தில்தான் ஆப்பிள் விழுவதைக் கண்டதாகவும், அது ஏன் எப்போதும் தரையை நோக்கி நேராகவே விழுகிறது என்று யோசித்ததாகவும் பெரியவர் சொல்கிறார். ஸ்டக்லி அதை எழுதி வைத்தார். அதில் தலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த யோசனை எழுந்தது 1660களின் நடுவில். ஈர்ப்பு விதியைச் சொல்லும் நூல் வெளிவந்தது 1687இல். ஏறக்குறைய 20 ஆண்டுகள்! குழந்தைகள் புத்தகம் அந்த 20 ஆண்டுகளையும் ஒரு பக்கம் புரட்டும் நேரத்தில் தாண்டிவிடுகிறது. ஆப்பிளை நான் மன்னித்துவிடுவேன், அந்தத் தாவலை மன்னிக்க மாட்டேன். நண்பர்களே, இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான்.

இந்தக் கதைகளின் பூர்வீகத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1859இல் பிரிட்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர், சொந்த உழைப்பால் உயர்ந்தவர்களின் வாழ்க்கையை முன்மாதிரியாகக் காட்டி ஒரு நூல் எழுதினார். அது பரபரப்பாக விற்றது. ஏழைச் சிறுவன், விடாமுயற்சி, வெற்றி என்ற அந்த வார்ப்பு இன்றும் நம் பிள்ளைகளின் புத்தக அலமாரியில் இருக்கிறது.

(திரையில்: ஐன்ஸ்டைன், எடிசன் படங்கள்)

ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றவர் என்பதும் பொய். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்றுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். எடிசனின் அம்மா பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை மாற்றிப் படித்தார் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் வருமே, அதுவும் புனைவு. ஆசிரியர் தன்னை மூளை குழம்பியவன் என்று சொன்னதைச் சிறுவன் எடிசன் தன் காதாலேயே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சொன்னான். அம்மா நான்சி கோபத்தோடு பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டார். பிறகு வீட்டிலேயே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மகனுக்காகச் சண்டைக்குப் போன அம்மாவை விட்டுவிட்டு, பொய் சொன்ன அம்மாவை ஏன் உருவாக்க வேண்டும்?

(திரையில்: பழைய லண்டன் பைண்டிங் கடை)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த மனிதருக்கு வருகிறேன். மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன். 14 வயதில் லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையெல்லாம் தைப்பதோடு நிற்காமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் கையில் கிடைத்தது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி, வேதியியலை ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதிய நூலும் அப்படித்தான். அந்த நூல் முதலில் வந்தபோது அட்டையில் அவர் பெயரே இல்லை!

1812இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் கொடுக்க, புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைப் போய்க் கேட்டார் ஃபாரடே. குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்டிங் செய்து, டேவிக்கு அனுப்பினார். சுமார் 300 பக்கம்! வேலைக்கு விண்ணப்பம் போடும்போது தன் தொழில் திறமையையும் சேர்த்து அனுப்பிய அந்தப் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.

உடனே வேலை கிடைத்ததா? இல்லை. இங்கேதான் பெரும்பாலான புத்தகங்கள் மௌனமாகிவிடுகின்றன. ஒரு வெடிவிபத்தில் டேவியின் கண்ணில் காயம் பட்டது, எழுதிக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, ஃபாரடேக்குச் சில நாள் வேலை கிடைத்தது. பிறகு டேவி பணியாற்றிய லண்டன் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக இருந்தவர் கைகலப்பில் இறங்கியதால் நீக்கப்பட்டார். அந்தக் காலி இடத்தில்தான் 1813 மார்ச்சில் ஃபாரடே சேர்ந்தார். ஒரு விபத்து, ஒரு கைகலப்பு! ஏன் இதைக் குழந்தைகளிடம் மறைக்கிறோம்? அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், வாழ்நாள் முழுக்க மறக்கவும் மாட்டார்கள். வாய்ப்பு தற்செயலாக வந்தது, ஆனால் அது வரும்போது அவர் தயாராக இருந்தார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

1831இல் இரும்பு வளையத்தில் கம்பிச் சுருள்களைச் சுற்றி அவர் மின்காந்தத் தூண்டலைக் கண்டார், அதாவது காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்சாரம் பிறப்பதை. இன்றைய ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் அந்தத் தத்துவத்தில் இயங்குகின்றன. அதைவிட எனக்கு வியப்பானது, அவருக்கு உயர்கணிதம் தெரியாது என்பது. மின்சார, காந்த விசைகளை மனத்தில் கோடுகளாகக் கண்டு அவர் சொன்னார், இயற்பியலாளர் மாக்ஸ்வெல் பின்னால் வந்து சமன்பாடுகளாக்கினார். தனி மேதை ஒருவர் மூடிய அறையில் எல்லாம் செய்தார் என்ற கதை இங்கே நிற்கவே நிற்காது.

கசப்பும் உண்டு. 1824இல் ஃபாரடேயை பிரிட்டனின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். தூக்கிவிட்ட குருவே! நான்கு வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம். பத்து வயதுக் குழந்தைக்குப் பொறாமை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். தயங்காமல் சொல்லுங்கள்.

(திரையில்: விரித்து வைத்த குழந்தைகள் புத்தகம்)

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது நாயகனைத் தவிர வேறு யார் பெயராவது வருகிறதா என்று தேடுங்கள். எடிசன் புத்தகமாக இருந்தால் லூயிஸ் லாட்டிமர் இருக்கிறாரா? அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோரின் மகன் அவர். பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்குப் படம் வரைந்தவர். மின்விளக்குக்கான கார்பன் இழையைச் செய்ய மேம்பட்ட முறை கண்டு 1882இல் காப்புரிமை பெற்றார், பின்னர் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம், சோதனை எப்படி நடந்தது என்று படத்திலாவது காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வளையமும் கம்பியும் இல்லாத ஃபாரடே புத்தகத்தை நான் வாங்க மாட்டேன்.

ஜேன் மார்செட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய விஞ்ஞானியான பிறகும் ஃபாரடே தன் கட்டுரைகளை அவருக்கு அனுப்பி வைத்தார், அவரைத் தன் முதல் ஆசிரியை என்று நினைத்தார். அவரைப் பற்றிக் குழந்தைகளுக்குத் தமிழில் எழுதப்பட்ட புத்தகம் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால், கீழே பெயரை எழுதுங்கள். முதல் ஆளாக நான் வாங்குகிறேன்.