பேத்தியின் கணித ஆராய்ச்சி யாருக்கு உதவும்? – காரைக்குடி ஆச்சியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் கூட்டு வட்டியைப் பற்றிப் பேசியதற்கு நிறைய சந்தேகங்கள் வந்திருக்கின்றன. அவற்றை அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி அனுப்பியிருக்கிறார். ஒரு வாரமாக என் மனதை விட்டுப் போகாத கேள்வி. அப்படியே படிக்கிறேன்.

"எங்கள் பேத்தி எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டாள். பியூர் மேத்ஸில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அவள் சித்தப்பா, 'நோய், மருந்து என்று ஆராய்ச்சி செய்தால் நாலு பேருக்கு உதவும், வெறும் எண்ணை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் உட்கார்ந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத் தெரிகிறது. நீங்கள் சொல்லுங்கள்."

ஆச்சி, பேத்தியின் சித்தப்பா கேட்டதில் தப்பே இல்லை. நான் முப்பது வருஷம் கல்லூரியில் கணிதம் நடத்தினேன். என் அப்பத்தா கடைசி வரைக்கும் என்னிடம் கேட்டதும் இதுதான்: "நீ போடுகிற கணக்கு எந்தக் கடைக்கு அப்பா?" அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து, மதுரையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில்.

தேவகோட்டை வீட்டில் என் அப்பச்சி வளவுப் படியில் கால் இடறி விழுந்துவிட்டார். வெளியே காயமே இல்லை. காபி கேட்டார், குடித்தார், செய்தித்தாளைக் கூடப் புரட்டினார். சாயங்காலம் பேச்சு குழறியது. மதுரைக்குக் கொண்டு ஓடினோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் அந்தப் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, "இதோ, இங்கே ரத்தம் கட்டியிருக்கிறது" என்று விரலை வைத்துக் காட்டினார். மண்டையைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம் அப்பச்சி எங்களோடு இருந்தார்.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது 1917-ல் வந்த ஒரு கணிதக் கட்டுரை. எழுதியவர் ஜோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணிதர். அவர் மனதில் நோயாளி இல்லை, மருத்துவமனை இல்லை. அவர் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு தளத்தில் ஒவ்வொரு நேர்கோட்டிலும் ஒரு சார்பின் (இடத்துக்கு இடம் மாறும் ஒரு அளவின்) மொத்தத் தொகை மட்டும் தெரிந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் அதன் மதிப்பைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று நிரூபித்து, அதற்கு வாய்பாடும் கொடுத்தார்.

இதை உங்கள் அடுப்படியிலிருந்தே சொல்கிறேன். நாலு அறை உள்ள ஒரு மசாலாப் பெட்டி. மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. மூடியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் மொத்த எடை மட்டும் சொல்வார்கள். மேல் வரிசை 8, கீழ் வரிசை 8. இடது பக்கம் மேலும் கீழும் சேர்ந்து 7, வலது பக்கம் 9. எந்த அறையில் எவ்வளவு? மேலே 5, 3, கீழே 2, 6 என்று வைத்தாலும் சரியாக வரும். மேலே 4, 4, கீழே 3, 5 என்று வைத்தாலும் சரியாக வரும். ஆக, இரண்டு திசையில் பார்த்தது போதவில்லை. இப்போது குறுக்காக ஒரு எடை: மேல் வலதும் கீழ் இடதும் சேர்ந்து 5. அவ்வளவுதான், பெட்டி திறந்துவிட்டது. 8-ஐயும் 7-ஐயும் கூட்டி 5-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 5. அதுதான் மேல் இடது அறை. மற்ற மூன்றும் தானாக வரும். ஸ்கேன் இயந்திரம் தலையைச் சுற்றிச் சுற்றிப் பல திசைகளில் எக்ஸ் கதிரைச் செலுத்துவது இதற்காகத்தான். ஒவ்வொரு கதிரும் வழியில் மொத்தம் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்லும். அந்த மொத்தங்களிலிருந்து உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டு எடுக்கிறார்கள்.

இதில் எனக்கு மனம் பொறுக்காத ஒரு இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளர், 1956-ல் கேப்டவுன் மருத்துவமனையில் கதிரியக்கப் பிரிவைக் கவனிக்கப் போனவர், இதே கேள்வியைத் தானாகவே கேட்டுக்கொண்டார். தானாகவே விடை கண்டுபிடித்து 1963-லும் 64-லும் கட்டுரை எழுதினார். பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராடான் முன்பே செய்துவைத்திருந்தது அவருக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1971 அக்டோபரில் இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் கிடைத்தது. ராடான் 1956-லேயே காலமாகிவிட்டார். தன் வாய்பாடு ஒரு உயிரைக் காப்பாற்றும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் அடிக்கடி சொல்வதுதான்: கணிதத்தில் விடை முதலில் பிறந்துவிடும், கேள்வி பின்னால் வரும். ராடான் விஷயத்தில் விடை ஐம்பத்து நாலு வருஷம் காத்திருந்தது.

ஹார்டி கதையில் காத்திருப்பே இல்லை. நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஜி.எச்.ஹார்டிதான். தூய கணிதத்தை, அதாவது உங்கள் பேத்தி சொல்கிற பியூர் மேத்ஸை, தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று இருந்தவர். தன் கண்டுபிடிப்பு எதுவும் உலகத்துக்குப் பயன்பட்டதில்லை என்று பின்னாளில் எழுதியும் வைத்தார். அவரோடு கிரிக்கெட் ஆடும் நண்பர் பன்னெட் ஒரு மரபியலாளர். அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: மேலோங்கும் குணம் ஒன்று இருந்தால், அது தலைமுறைக்குத் தலைமுறை பெருகி ஊரெல்லாம் பரவிவிடாதா? ஹார்டி சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டு, பரவாது, விகிதம் அப்படியே நிற்கும் என்று 1908-ல் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். அதே வருஷம் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதையே கண்டுபிடித்தார். ஒருவர் தூய கணிதர், ஒருவர் நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவர். ஆச்சி, உங்கள் வீட்டில் பேத்தியும் சித்தப்பாவும் நிற்கிற இரண்டு பக்கமும் அந்த ஒரு விதியின் பெயரிலேயே இருக்கிறது: ஹார்டி–வைன்பெர்க் விதி.

அதை வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள். தாய் வழியிலும் தந்தை வழியிலும் கோளாறான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும் என்று ஒரு வகை உண்டு. அப்படி ஒரு நோய் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழியிலும் வர வேண்டும் என்பதால் வர்க்கமூலம் எடுக்கிறோம்: 10,000-க்கு வர்க்கமூலம் 100. ஆக, அந்த மரபணு நூற்றில் ஒன்று. தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ ஒன்று மட்டும் வந்து, நோய் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டு மட்டும் இருப்பவர்கள் ஏறக்குறைய 50 பேரில் ஒருவர். நோயாளி பத்தாயிரத்தில் ஒருவர், சுமப்பவரோ ஐம்பதில் ஒருவர்! இதை முதல்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. உறவு பார்க்காமல் கலந்து திருமணம் நடக்க வேண்டும். நம் பக்கம் அப்படி இல்லையே. ஒரே கோயில் (நகரத்தார் வழக்கில் தந்தை வழிக் குலப் பிரிவு) பங்காளிக்குள் பெண் எடுக்க மாட்டோம், ஆனால் அத்தை மகனும் மாமன் மகளும் என்றால் கேட்கவே வேண்டாம். கோயில் பார்ப்பது தந்தை வழியை மட்டும்தான். மரபணு இரண்டு வழியிலும் வருகிறது. அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் திருமணம் என்றால், பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு வழியிலும் ஒரே மூதாதையின் மரபணுவே வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று என்று கணக்குக்குள் வரும். அதைச் சேர்த்துப் போட்டால், 10,000-த்தில் 1 என்று இருந்தது ஏறக்குறைய 7 ஆகிறது. தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுத்தால் 13. யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. 10,000-த்தில் 7 என்றாலும் மீதி 9,993 பிள்ளைகளுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு அப்படி இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் மரபியல் ஆலோசனைக்குப் போய் வாருங்கள். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆராய்ச்சி. இரண்டு ஆராய்ச்சிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சாட்சியில் இருக்கிறது. ஆய்லர் 1700-களில் ஒரு ஊகம் சொன்னார். நாலு ஐந்தாம் படிகளைக் கூட்டி இன்னொரு ஐந்தாம் படி வராது என்று அதற்குப் பொருள். 1966-ல் இரண்டு பேர் கணினியில் தேடி 27, 84, 110, 133 என்று நாலு எண்ணைக் காட்டினார்கள். அவற்றின் ஐந்தாம் படிகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் படி. ஒரே ஒரு உதாரணம், ஊகம் விழுந்துவிட்டது. மருத்துவத்தில் ஒருவருக்குக் குணமானது எதையும் நிரூபிக்காது. நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையத்தில், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையில்) படுக்கை, நல்ல சாப்பாடு, மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலேயே அதே மாத்திரை. 200-க்கும் குறைவான ஆட்கள்தான். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டை விட்டுப் பிரிய வேண்டிய கட்டாயம் அதற்கப்புறம்தான் தளர்ந்தது. யார் எந்தப் பிரிவு என்று மருத்துவர் கையில் விடாமல் சமவாய்ப்புக்கு விட்டார்களே, அதனால்தான் அந்த முடிவை நம்ப முடிந்தது. அங்கேயும் கணிதம் நிற்கிறது.

ஆச்சி, எல்லாத் தூய கணிதமும் இப்படி ஒரு நாள் மருந்தாக மாறும் என்று நான் சொல்ல மாட்டேன். செங்கோட்டை அருகே வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளை, எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் படிகளின் கூட்டலாக எழுதலாம், அதற்குக் குறைத்தால் எல்லா எண்ணுக்கும் போதாது என்று 1940-ல் நிரூபித்தார். உலகத்தில் பெரிய ஆட்கள் மோதிப் பார்த்த கணக்கு அது. அதனால் ஒரு நோயாளி பிழைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த நிரூபணத்தை வரிவரியாகப் படித்து முடித்த இரவு என் வாழ்க்கையின் நல்ல இரவுகளில் ஒன்று.

பிள்ளையைச் சொன்னதும் எனக்கு வேறு ஒரு கேள்வி வருகிறது. நீங்கள் கேட்டதை விட இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. விடை காத்திருக்கும் அந்த ஐம்பது வருஷமும் விடை கண்டவருக்குச் சோறு போடுவது யார்?

பிள்ளை ஆராய்ச்சி செய்த காலத்தில் சம்பளம் கொடுத்தது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதை 1929-ல் உண்டாக்கியவர் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். அப்புறம் நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே மனிதர் 1950-ல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கியது எத்தனை பேருக்குத் தெரியும்? ஹார்டியிடம் ஆக்ஸ்போர்டில் படித்த விஜயராகவனை அதற்கு இயக்குநராக வைத்தார். 1955-ல் விஜயராகவன் போய்விட்டார், 1957-ல் அழகப்பரும் போய்விட்டார். பணம் இல்லாமல் நிறுவனம் மூடப்படும் நிலை வந்தபோது வானியற்பியலாளர் சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. இன்றும் சேப்பாக்கத்தில் நடக்கிறது.

என் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். வருஷா வருஷம் ஐந்தொகை எடுத்தவர். கொடுத்ததில் எது எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்ப்பதே தொழில். அப்படிப்பட்ட வழியில் வந்த அழகப்பர், எப்போது திரும்பும் என்றே சொல்ல முடியாத ஒன்றுக்கு, பகா எண்களுக்கு, பணம் போட்டிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. இன்றைக்கு நம் கல்யாண மண்டபங்களில் ஒரு நாள் விளக்கு அலங்காரத்துக்கு ஆகிற செலவில் ஒரு ஆராய்ச்சி மாணவிக்கு ஒரு வருஷம் ஓடும்.

பேத்திக்கு வருகிறேன். அவள் கணிதமே செய்யட்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தகுதி கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டில் கை ஏந்த வேண்டாம். தேசிய உயர்கணித வாரியமும் உதவித்தொகை தருகிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இரண்டுக்கும் எழுதிப் பார்க்கட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் இப்போது படிக்கிற பிள்ளைகளோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும். நிறுவனத்தின் பெயரை விட அது முக்கியம். சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம். அவர் சொல்கிற பக்கத்தில் ஆள் தேவைப்பட்டால், நல்ல கணிதம் தெரிந்தவளை அங்கே இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள்.

போகும் முன் ஒன்று. அந்த மசாலாப் பெட்டியை ஒன்பது அறையாக்கிப் பேத்தியிடம் கொடுங்கள். மூன்று வரிசைக்கும் ஆளுக்கொரு மொத்த எடையாக மூன்று, நெடுக்கே அதே போல மூன்று, மூலைக்கு மூலை இரண்டு. இந்த எட்டு எடையை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் குறைந்தது இன்னும் எத்தனை எடை வேண்டும்? அவள் எழுதுவதை எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த வாரம் கூட்டு வட்டியோடு சேர்த்துப் பார்க்கலாம்.