ஆஷ்வெல் கோபுரத்தின் வடக்குச் சுவர்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில், வட எல்லையை ஒட்டியுள்ள ஆஷ்வெல் என்னும் சிற்றூரின் பரிசுத்த மரியாள் ஆலயத்திலிருந்து பேசுகிறேன். வரும் வழியில் நான் காட்டிய ஊற்றுகளில்தான் கேம் ஆற்றோடு கலக்கும் ரீ ஆறு பிறக்கிறது. ஊருக்குப் பெயர் தந்தவையும் அந்த ஊற்றுகளும் ஆஷ் மரங்களுமே. 176 அடி உயரமுள்ள இந்தக் கோபுரத்தை வெளியிலிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நான் உங்களை அழைத்து வந்தது, கோபுரத்தின் உள்ளே இருக்கும் இந்த வடக்குச் சுவருக்காக.

ஆலயத்தின் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டில், க்ளஞ்ச் என்று இங்குள்ளோர் சொல்லும் மென்மையான சுண்ணக்கல்லால் எழுப்பப்பட்டது. மழையும் காற்றும் எளிதில் அரித்துவிடும் கல் இது. ஆனால் கத்திமுனையால்கூட இதில் எழுதிவிடலாம். விளக்கை நேராகப் பிடித்தால் வெறும் சுவர்தான் தெரியும். இப்போது சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கிறேன். கீறல்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுவதைப் பாருங்கள்.

லத்தீனில் உள்ள இந்த வரிகள், 1348-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோயைப் பற்றியவை. 1350-ஆம் ஆண்டு இரங்கத்தக்கது, கொடியது, வெறிகொண்டது என்றும், மக்களில் கடைப்பட்டோர் மட்டுமே சாட்சியாக எஞ்சியிருக்கிறார்கள் என்றும் இவற்றுக்குப் பொருள் சொல்கிறார்கள். எழுதியவரின் பெயர் இல்லை. எஞ்சியவர்களுள் தானும் ஒருவன் என்பதை அறிந்தே ‘கடைப்பட்டோர்’ என்று கீறிய அந்தக் கையை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதன் தொடர்ச்சியாக, பெருங்காற்று வீசியதென்றும் 1361-இல் மௌருஸ் உலகில் இடியென முழங்குகிறார் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. புனித மௌருஸின் திருநாளான ஜனவரி 15 அன்று வீசிய அந்தப் புயலை நாம் 1362-இல் வைக்கிறோம். அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது என்பதால், எழுதியவருக்கு அது இன்னும் 1361 தான். கொள்ளைநோய் இரண்டாம் முறை வந்ததும் அதே 1361-இல்தான் என்பதால், இந்த வரியைப் புயல் செய்தியாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.

விளக்கைச் சற்று நகர்த்துகிறேன். கூரிய கோபுரத்தோடு ஒரு பேராலயம் தெரிகிறதல்லவா? 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்த லண்டனின் பழைய புனித பவுல் பேராலயம் இது என்றே பலரும் கருதுகிறார்கள். அதன் சன்னல்களைக்கூட விடாமல், எவ்வளவு பொறுமையாகக் கீறியிருக்கிறார் பாருங்கள்.