தலையில் துணி, நீட்டிய இரு கைகள்

அவையோர்க்கு வணக்கம்.

நம்மூர்ப் பெரிய கோயில்கள் பலவற்றில் இந்து அல்லாத பயணி கொடிமரத்தோடு நின்றுவிட வேண்டும். சீக்கியர்களின் அமிர்தசரஸ் பொற்கோயிலில் அப்படி ஒரு பலகை கிடையாது. டிக்கெட் இல்லை, எந்த மதம் என்று கேட்பாரும் இல்லை. 1604இல் ஆதி கிரந்தம் என்னும் சீக்கியப் புனித நூலை வைத்த, குளத்தின் நடுவே நிற்கும் அந்த ஹர்மந்திர் சாஹிபுக்கு, அதாவது பொற்கோயிலுக்கு, வாசலே நான்கு. தடுப்பார் இல்லை என்பதால்தானோ என்னவோ, வருகிறவர்கள் சின்ன விஷயங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

தங்குமிடத்தை விட்டுக் கிளம்பும்போதே சட்டைப் பையைத் துழாவுங்கள். சிகரெட், பீடி, புகையிலை எதுவும் உள்ளே போகக் கூடாது, பிரிக்காத பாக்கெட்டாக இருந்தாலும் சரி. தலையைத் துணியால் மூட வேண்டும், ஆணும் பெண்ணும். தொப்பி செல்லாது. வாசலில் கூடை நிறையத் துணிகள் கிடக்கும், இலவசம். முக்கோணமாக மடித்து நெற்றியில் வைத்துப் பிடரியில் முடிச்சிடுங்கள். வழவழப்பான பட்டுத் துணி குனிந்ததும் நழுவும். ஈட்டி ஏந்திய சேவாதார், அதாவது கோயில் தொண்டர், வந்து சுட்டிக்காட்டுவார்.

செருப்பை 'ஜோடா கர்' என்னும் காப்பிடத்தில் கொடுத்து எண் வில்லையை வாங்கிக்கொள்ளுங்கள். காலுறையும் அங்கேயே கழற்றுங்கள், ஏனென்றால் வாசலில் தேங்கிய நீரில் கால் நனைத்துத்தான் உள்ளே இறங்க வேண்டும். எந்த வாசல் என்பது நினைவிருக்கட்டும். குளத்தின் நாலு கரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கோடையில் பளிங்குத் தரை சுடும், விரித்திருக்கும் பாயை விட்டு இறங்காதீர்கள்.

வலம் வருவது நம் பிரகாரம் போலத்தான். கரையில் சம்மணமிட்டு உட்காரலாம், நீரில் காலைத் தொங்கவிடக் கூடாது. நடுக்கோயிலுக்குப் போகும் பாலத்தில் ஏறுமுன் போன் பைக்குள் போய்விட வேண்டும். உள்ளே சிலை கிடையாது. ஆதி கிரந்தத்தின் இன்றைய வடிவமான, 1430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாஹிபே சீக்கியர்களுக்குக் குரு. ஓரமாக உட்கார்ந்து கீர்த்தனை கேளுங்கள். நூலின் பக்கம் கால் நீட்டாதீர்கள்.

வெளியே வந்ததும் கடா பிரசாதம் என்னும் அல்வா தருவார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. இரண்டு கைகளையும் குவித்து ஏந்துங்கள், ஒற்றைக் கை நீட்டுவது மரியாதையில்லை. உள்ளங்கை முழுக்க நெய் வழியும், தூணில் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.

இனி லங்கர், அதாவது பொதுச் சாப்பாடு. இரவு பகல் ஓயாமல் நடக்கிறது. தட்டு, கிண்ணம், கரண்டி வாங்கிக்கொண்டு தரைவிரிப்பில் வரிசையில் உட்கார வேண்டும். அந்த வரிசைக்குப் பங்கத் என்று பெயர். நம் பந்தியும் அதுவும் ஒரே 'பங்க்தி'யிலிருந்து வந்தவை. பேரரசர் அக்பரும் பஞ்சாபின் கோயிந்த்வால் ஊரில் இப்படித் தரையில் உட்கார்ந்து உண்ட பிறகே சீக்கியரின் மூன்றாம் குருவான அமர்தாஸைப் பார்த்தார் என்பது சீக்கிய மரபு. பருப்பு வாளி ஓட்டமாக வரும், 'போதும்' என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டு நிறைந்துவிடும். அதனால் கையைத் தட்டின் மேல் வைத்து மறியுங்கள். ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள், இரு கைகளையும் ஏந்தினால்தான் கிடைக்கும். பயணிகள் அதிகம் விழிப்பது இங்கேதான். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், மீதம் வைப்பதுதான் தவறு. நம்மூரில் இலையை மடித்துவிட்டு எழுவோம். இங்கே தட்டை நீங்களே தூக்கிப்போய்க் கழுவுமிடத்தில் கொடுக்க வேண்டும். நேரமிருந்தால் அங்கேயே நின்று நாலு தட்டு கழுவலாம், பூண்டு உரிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காலியிடம் பார்த்து உட்கார்ந்தால் போதும்.

இரவில் கிரந்தத்தைப் பல்லக்கில், அதே வளாகத்தில் இருக்கும் அகால் தக்த் என்னும் கட்டடத்துக்கு எடுத்துப் போவார்கள். நேரம் பருவத்துக்கேற்ப மாறும், தகவல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரைமணி முன்னதாகப் போனால் ஓரமாக நிற்க இடம் கிடைக்கும்.